ஸ்பிரிங் தாங்கும், அப்சோர்பர் அடக்கும், டயர் பிடிக்கும்



சென்ற தவணையில் ஒருநாள் பாடம் முடிந்ததும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். "டீச்சர், எங்கப்பா போர்வீலுக்கு லிப்ட் போட்டு, பெரிய டயர் மாத்தலாம்னு இருக்கோம். செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டான். ஏன் என்று விசாரித்தேன்.

அவன் அப்பாவுக்கு ஆயர் தாவார் பக்கம் சிறிய செம்பனைத் தோட்டம் இருக்கிறது. முன்பு ரப்பர் மரம் நின்ற நிலம் அது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்த ஒரு மாலையில், பின்னால் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அப்பா திரும்பியிருக்கிறார். பள்ளியில் இருந்து அழைத்துவந்த தங்கையும் முன்னிருக்கையில் இருந்தாள். செம்மண் சாலை வளைவில் பிரேக் பிடித்தபோது வண்டியின் பின்பகுதி துள்ளியது, வழுக்கியது, ஓரக் கால்வாயில் இறங்கியது. இருவரும் இடைவார் அணிந்திருந்தார்கள். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"வண்டி தாழ்வா இருக்கு, டயர் சின்னது, அதான் வழுக்குது" என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். கூட்டு எடுத்த பணம் 4,000 ரிங்கிட் வீட்டில் இருந்தது. அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு அளவுநாடாவும் வண்டி டயரில் எழுதியிருக்கும் எண்களும் கொண்டு வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான்காம் படிவத்தில் நீங்கள் படிக்கும் தணிப்பும் ஒத்ததிர்வும், ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மீள்தன்மையும் அழுத்தமும் இதில் வருகின்றன.

மூன்று உறுப்புகள், மூன்று வேலைகள்

பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். வில்லைப்போல் வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அது பட்டை ஸ்பிரிங். அதன் அருகே சாய்வாக ஓர் உருளை நிற்கும். அது அப்சோர்பர். இரண்டுக்கும் கீழே டயர்.

பலர் நினைப்பதுபோல் வண்டியின் எடையைத் தாங்குவது அப்சோர்பர் அல்ல. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவது அப்சோர்பரின் வேலை. சாலையைப் பிடித்துக்கொள்வது டயரின் வேலை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் பணம் தவறான இடத்துக்குப் போய்விடும்.

ஸ்பிரிங்: எவ்வளவு அமுங்கும்?

1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி உங்களுக்குத் தெரியும். விசை = ஸ்பிரிங் மாறிலி × அமுக்கம்.

கணக்குக்காக, ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கின் மாறிலி மீட்டருக்கு 40,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 80,000. ஒரு குலை 20 கிலோ என்றால் 40 குலைகள் 800 கிலோ. அதன் எடை 800 × 9.81 = 7,848 நியூட்டன். சுமை முழுவதும் பின்சக்கரங்களின்மேல் இறங்குகிறது என்று கொண்டால்,

அமுக்கம் = 7,848 ÷ 80,000 = 0.098 மீட்டர்.

அதாவது கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். சுமை ஏற்றியதும் வண்டியின் பின்பகுதி தாழ்வது இதனால்தான். புது அப்சோர்பர் போட்டாலும் இந்தத் தாழ்வு குறையாது.

இனி, ஆட்டத்தின் வேகத்தைப் பார்ப்போம். ஸ்பிரிங்கில் நிற்கும் பொருள் ஒருமுறை மேலும் கீழும் ஆட எடுக்கும் நேரம் T = 2π√(m/k). சுமையில்லாதபோது பின்பகுதியின் நிறை 700 கிலோ என்றால் T = 0.59 வினாடி. அதிர்வெண் 1.7 ஹெர்ட்ஸ். 800 கிலோ ஏற்றியபின் நிறை 1,500 கிலோ. இப்போது T = 0.86 வினாடி, அதிர்வெண் 1.2 ஹெர்ட்ஸ். சுமை ஏறினால் வண்டி மெதுவாக, ஆனால் பெரிதாக ஆடும். அந்தப் பெரிய ஆட்டத்தை அடக்கவேண்டிய பொறுப்பு அப்சோர்பருக்கு.

அப்சோர்பர்: ஆற்றலை வெப்பமாக்கும் கருவி

கிளினிக்கில் தானாக மூடிக்கொள்ளும் கதவைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஸ்பிரிங் இருந்தும் அது படாரென்று அடிப்பதில்லை. கதவின்மேல் இருக்கும் கருவியில் எண்ணெய் சிறு துளை வழியே ஓடவேண்டியிருப்பதால் கதவு நிதானமாக வந்து மூடுகிறது. அப்சோர்பரும் இதே வகைதான்.

உருளைக்குள் எண்ணெய். அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும் உள்ளன. சக்கரம் மேலேறினாலும் கீழிறங்கினாலும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். எவ்வளவு வேகமாக அசைகிறதோ, எதிர்ப்பும் அவ்வளவு கூடும். ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயின் வெப்பமாக மாறுகிறது. பள்ளியில் மலாயில் 'பெலெம்பாபான்' என்று படிப்பீர்களே, அந்தத் தணிப்பு இதுதான்.

எவ்வளவு வெப்பம்? ஒரு மேட்டில் ஸ்பிரிங் 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்போம். அதில் சேரும் ஆற்றல் ½kx² = ½ × 40,000 × 0.05 × 0.05 = 50 ஜூல். ஒரு கிலோமீட்டரில் இப்படி 100 மேடுகள் இருந்தால் 5,000 ஜூல். அப்சோர்பரில் அரைக் கிலோ எண்ணெய் இருக்கிறது, அதன் தன்வெப்பக் கொள்ளளவு சுமார் 2,000 என்று கொள்வோம். வெப்பநிலை உயர்வு 5,000 ÷ (0.5 × 2,000) = 5 பாகை செல்சியஸ். காற்று குளிர்விக்காவிட்டால் 10 கிலோமீட்டரில் 50 பாகை ஏறிவிடும்!

சூடான எண்ணெயில் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் நுரை கட்டும். நுரையைத் துளை வழியே தள்ளுவது எளிது. அப்போது அப்சோர்பர் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். இதைத் தடுக்கத்தான் நல்ல அப்சோர்பர்களில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைக்கிறார்கள். 'கேஸ் அப்சோர்பர்' என்று கடையில் சொல்வது இதைத்தான். அதிலும் எண்ணெய் உண்டு. வாயு எண்ணெயை அழுத்தி, நுரை கட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் மிகக் கடினமான அப்சோர்பர் மிக நல்லதா? இல்லை. தணிப்பு அளவுக்கு மீறினால், பள்ளம் வந்ததும் சக்கரம் சட்டென்று கீழிறங்க முடியாமல் அந்தரத்தில் நிற்கும். குறைந்தால் துள்ளும், மிகுந்தால் தொங்கும். இரண்டிலும் சக்கரம் சாலையை விட்டுப் போகிறது.

வளைவில் நடந்தது என்ன?

மாணவன் வீட்டு வண்டி தடுமாறிய இடத்தில் செம்மண் சாலை, சலவைப் பலகையைப்போல் வரி வரியாக இருந்தது. வண்டிகள் பிரேக் பிடிக்கும் வளைவுகளில் இத்தகைய வரிகள் எளிதில் உண்டாகும். மாணவன் நாடாவால் அளந்து பார்த்தான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சுமார் 70 சென்டிமீட்டர்.

அப்பா மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாகச் சொன்னார். அது வினாடிக்கு 8.3 மீட்டர். அதிர்வெண் = வேகம் ÷ அலைநீளம் = 8.3 ÷ 0.7 = சுமார் 12 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணைக் கவனியுங்கள். வண்டியின் உடல் 1 முதல் 2 ஹெர்ட்ஸில் ஆடும் என்று பார்த்தோம். ஆனால் சக்கரத்துக்கென்று தனி அதிர்வெண் உண்டு. மேலே ஸ்பிரிங், கீழே காற்றடைத்த டயர் என்ற இன்னொரு ஸ்பிரிங், நடுவில் சக்கரமும் அச்சும். இந்த அமைப்பு பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸில் ஆடும். சாலை தரும் 12 ஹெர்ட்ஸ் இதோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு. சக்கரம் தரையில் குதிக்கத் தொடங்கும்.

உராய்வு விசை = உராய்வுக் கெழு × செங்குத்து எதிர்விசை. சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் செங்குத்து எதிர்விசை பூஜ்யம். எனவே உராய்வும் பூஜ்யம். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் காற்றில் இருக்கும் சக்கரம் வண்டியை நிறுத்தாது, பக்கவாட்டிலும் பிடிக்காது. வளைவில் பின்பகுதி வெளியே வழுக்கியதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

வண்டியின் கீழே பார்த்தபோது பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. பின்பக்க மூலையை அழுத்தி விட்டோம். நல்ல அப்சோர்பர் என்றால் எழுந்து உடனே அடங்கவேண்டும். இந்த வண்டி நான்கு முறை ஆடியது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்து எண்ணினோம்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

அந்த வண்டியின் டயரில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று இருந்தது. இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

265: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
65: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு.
ஆர்: ரேடியல் கட்டமைப்பு.
17: உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில்.
112: சுமைக் குறியீடு. இந்த எண்ணுக்கு ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்.
எஸ்: வேகக் குறியீடு. உச்ச வரம்பு மணிக்கு 180 கிலோமீட்டர்.

இன்னோர் இடத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் இறுகும். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியும் அதை ஓட்டக்கூடாது.

ரப்பர் என்றதும் நம் பேராக் மாநிலத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டிய அந்த இயற்கை ரப்பருக்கு டயர்த் தொழிலில் இன்னும் இடம் குறையவில்லை. கிழிசலைத் தாங்கும் வலிமையும், உள்ளே வெப்பம் குறைவாகச் சேரும் குணமும் அதற்கு இருப்பதால் பெரிய லாரி டயர்களிலும் விமான டயர்களிலும் அதையே மிகுதியாகச் சேர்க்கிறார்கள்.

பெரிய டயர்: ஒரு கணக்கு

பட்டறையில் சொன்ன அளவு 285/70 ஆர் 17. இரண்டையும் ஒப்பிடுவோம்.

பழைய டயரின் விட்டம்: (17 × 25.4) + (2 × 0.65 × 265) = 431.8 + 344.5 = 776 மில்லிமீட்டர்.
பெரிய டயரின் விட்டம்: (17 × 25.4) + (2 × 0.70 × 285) = 431.8 + 399 = 831 மில்லிமீட்டர்.

விட்டம் 7 விழுக்காடு கூடுகிறது. இதனால் நான்கு மாற்றங்கள் வரும்.

முதலாவது, அச்சு உயரும். ஆனால் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதிதான், 27 மில்லிமீட்டர். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து 'லிப்ட்' செய்தால் வண்டியின் உடல் உயரும். பின்அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். அச்சுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே.

இரண்டாவது, வேகமானி பொய் சொல்லும். வேகமானி சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிட்டே வேகத்தைக் காட்டுகிறது. முள் 90-ஐக் காட்டும்போது உண்மை வேகம் 90 × 1.07 = 96 கிலோமீட்டர்.

மூன்றாவது, இழுவிசை குறையும். விசை = திருப்புத்திறன் ÷ ஆரம். ஆரம் 7 விழுக்காடு கூடினால் அதே எஞ்சின் தரையில் தரும் விசை 6 விழுக்காட்டுக்குமேல் குறையும். பிரேக்குக்கும் இதே கதைதான்.

நான்காவது, சக்கரத்தின் நிறை கூடும். கனமான சக்கரம் துள்ளத் தொடங்கினால் அடக்குவது கடினம். எண்ணெய் கசியும் அப்சோர்பரால் முடியவே முடியாது.

சேற்றுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று

சேற்று டயரில் ரப்பர்க் கட்டிகள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. சக்கரம் சுற்றும்போது சேறு அந்த இடைவெளிகளில் இருந்து தெறித்து விழும். சதுப்பில் இது மிக நல்லது. ஆனால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் அளவு குறைவு. கட்டிகள் வளைந்து நெளியும். ஈரத்தில் பிடிப்பு குறையும்.

ஈப்போ–லூமுட் நெடுஞ்சாலையில் மழை பெய்கிறது, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் தூரம் = v² ÷ (2μg). வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர். உராய்வுக் கெழுவுக்கு இரண்டு மதிப்புகளை வைத்துப் பார்ப்போம்.

0.7 என்றால்: 625 ÷ 13.7 = 46 மீட்டர்.
0.5 என்றால்: 625 ÷ 9.81 = 64 மீட்டர்.

இனி வேகமானியின் பொய்யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் 90 என்று நினைக்கிறார், உண்மை வேகம் 96. கெழு 0.5 என்றால் தூரம் 73 மீட்டர். 46-க்கும் 73-க்கும் இடையே 27 மீட்டர். ஐந்து பிக்கப் வண்டிகளை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. அந்த இடைவெளியில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மணலும் சேறும் சேர்ந்த இடத்தில் புது டயர் வாங்காமலே பிடிப்பைக் கூட்ட ஒரு வழி உண்டு. ஒரு சக்கரத்தின்மேல் 6,000 நியூட்டன் இறங்குகிறது, காற்றழுத்தம் 240 கிலோபாஸ்கல் என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 6,000 ÷ 240,000 = 0.025 சதுர மீட்டர், அதாவது 250 சதுர சென்டிமீட்டர். காற்றை 120 கிலோபாஸ்கலாக இறக்கினால் பரப்பு இரட்டிப்பாகும், தரையின்மேல் அழுத்தம் பாதியாகும், சக்கரம் புதையாது. பக்கச்சுவரும் கொஞ்சம் சுமை தாங்குவதால் இது தோராயக் கணக்கு. ஆனால் அதே குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கலாம். தார்ச்சாலைக்கு வருமுன் காற்றை மீண்டும் நிரப்பியே ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் குறைவு என்று கடற்கரையில் வண்டியை இறக்காதீர்கள். நம் மஞ்சோங் மாவட்டத்தின் செகாரிக் கரையில் ஆமைகள் மணலுக்குள் முட்டையிடுகின்றன. சக்கரத்தின் அழுத்தம் அவற்றுக்கு மிக அதிகம்.

உயரம் கூடினால் உறுதி குறையும்

இரு சக்கரங்களுக்கிடையே அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.65 மீட்டர் என்று கொள்வோம். அகலத்தின் பாதியை உயரத்தால் வகுத்தால் 0.75 ÷ 0.65 = 1.15. வண்டி சாயும் கோணம் சுமார் 49 பாகை. லிப்டும் பெரிய டயரும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை 7 சென்டிமீட்டர் உயர்த்தினால் கோணம் 46 பாகை. அதன்மேல் குலைகளை உயர அடுக்கி மையம் 0.9 மீட்டருக்குப் போனால் 40 பாகைதான். வளைவில் ஸ்பிரிங்கும் சாய்வதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

லிப்ட் செய்து பழைய அப்சோர்பரையே விட்டுவைத்தால் இன்னொரு சிக்கல். அது எப்போதும் நீண்டே நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்க அதற்குமேல் நீளம் இருக்காது. வண்டியின் உயரத்தை மாற்ற ஜேபிஜே அனுமதியும் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

லிப்டே தவறு என்று சொல்ல வரவில்லை. 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் வண்டிகள் இடுப்பளவு சேற்றில் இறங்குகின்றன. அங்கே உயரமும் சேற்று டயரும் இல்லாமல் முடியாது. அந்த வண்டிகள் அந்த வேலைக்கென்றே கட்டப்பட்டவை. மாணவனின் அப்பா வண்டி நாளில் பெரும்பகுதி தார்ச்சாலையில் ஓடுகிறது. அதில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போய் வருகிறாள்.

என்ன வாங்கினார்கள்?

கணக்கை எல்லாம் ஒரு தாளில் எழுதி மாணவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். அப்பா கட்டுப்போட்ட கையோடு இரண்டு முறை படித்தாராம். கூட்டுப் பணத்தில் நான்கு கேஸ் அப்சோர்பர்களும், அதே 265/65 ஆர் 17 அளவில் மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான நான்கு டயர்களும் வாங்கினார்கள். சுமைக் குறியீடு 112-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். மீதியில் சக்கர நேர்ப்பாடும் பிரேக் சோதனையும் செய்தார்கள். லிப்ட் இல்லை.

வண்டி வந்ததும் மாணவன் பின்பக்க மூலையை அழுத்திக் காணொளி எடுத்து வந்து காட்டினான். ஒருமுறை எழுந்தது, அடங்கியது. "டீச்சர், அப்பா இப்போ குலையை ரொம்ப உயரமா அடுக்குறதில்ல" என்றான். கணக்கிலேயே எனக்கு மிகப் பிடித்த விடை அதுதான்.

செய்து பாருங்கள்

1. ரப்பர் பட்டைகள் சிலவற்றைச் சங்கிலியாகக் கோத்து, நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே இழுத்து விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு கல் ஒரு வாளித் தண்ணீருக்குள் இருக்கும்படி செய்து எண்ணுங்கள். கடைசியாகச் சமையல் எண்ணெயில். மூன்றையும் அட்டவணையாக எழுதுங்கள்.

2. வீட்டுக் காரின் டயர் எண்களைப் படித்து விட்டத்தைக் கணக்கிடுங்கள். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பெரியவர் ஒருவரின் உதவியோடு வண்டியைச் சரியாக ஒரு சுற்று நகர்த்தி, தூரத்தை அளங்கள். அது π × விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஏன்?

சிந்தித்து விடை எழுதுங்கள்

அ. 265/70 ஆர் 17 டயரின் விட்டம் என்ன? 265/65-க்குப் பதில் இதைப் போட்டால், முள் 100-ஐக் காட்டும்போது உண்மை வேகம் என்ன?

ஆ. வரிச் சாலையில் வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டராகக் குறைத்தால் சக்கரம் பெறும் அதிர்வெண் என்ன? இது ஏன் பாதுகாப்பானது?

விடைகள்: அ. 431.8 + 371 = 803 மில்லிமீட்டர்; சுமார் 103 கிலோமீட்டர். ஆ. 4.2 ÷ 0.7 = 6 ஹெர்ட்ஸ்; சக்கரத்தின் சொந்த அதிர்வெண்ணில் இருந்து விலகியிருப்பதால் ஒத்ததிர்வு ஏற்படாது. இரண்டாவது செய்முறைக்கு விடை: வண்டியின் எடையால் டயரின் அடிப்பகுதி சப்பையாகிறது, அதனால் சுழலும் ஆரம் குறைகிறது.

இன்று மாலை வீட்டு வண்டியின் நான்கு மூலைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆடினால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். மழைக்காலம் வருமுன் சொல்வது நல்லது.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.